மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தமா? மறைக்காதீர்கள்!



இந்த இதழின் உடல்நலப் பகுதி உங்களுக்காக எழுதப்படுகிறது. ஆண்களே, "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் தாயாரும் மனைவியும் அக்காளும் இதில் இருக்கிறார்கள்.

காலைப் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும் வழியில், அல்லது குழாயடியில் துணி துவைக்கும்போது, தணிந்த குரலில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு.

"அக்கா, எனக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் லேசா பட்டுச்சு. இப்ப மறுபடியும் படுது."

"அது ஒன்னும் இல்ல புள்ள, உடம்பு சூடு. வெந்தயத்த ஊற வச்சுக் குடி, சரியாப் போயிடும்."

வெந்தயம் நல்ல பொருள்தான். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த இரத்தத்தை நிறுத்த அது மருந்தல்ல. மாதவிலக்கு முழுதாக ஓர் ஆண்டு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும், அது உடம்பு சூடா, புண்ணா, புற்றுநோயா என்று குழாயடியில் யாராலும் சொல்ல முடியாது. கருப்பையின் உள்ளிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும்.

அந்தத் துணுக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். நோய் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் அது சொல்வதில்லை. எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதையும் அது சொல்லத் தொடங்கிவிட்டது.

இது எந்தப் புற்றுநோய்?

கருப்பையைக் கவிழ்த்து வைத்த குடுவை என்று நினைத்துக் கொள்ளுங்கள். குடுவையின் கழுத்துதான் கருப்பை வாய். அங்கே வருவது கருப்பை வாய்ப் புற்றுநோய். அதற்குக் காரணம் எச்.பி.வி. என்னும் கிருமி. அதைத் தடுக்கத்தான் 2010 முதல் நம் நாட்டில் 13 வயதுப் பள்ளி மாணவிகளுக்குத் தடுப்பூசி போடும் திட்டம் வந்தது. பாப் ஸ்மியர் பரிசோதனையும் அதற்காகவே.

நாம் இன்று பேசுவது குடுவையின் உட்சுவரில் வரும் புற்றுநோய். மாதா மாதம் வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் வளரும் அந்த மெல்லிய உள்சவ்வில் இது தொடங்குகிறது. பால்மரத்தில் வெட்டிய பட்டை மறுபடி வளர்வதை நாம் அறிவோம் அல்லவா? கருப்பையின் உட்சவ்வும் அப்படி வளர்வதுதான்.

இங்கே ஒன்றை மனத்தில் வையுங்கள். பாப் ஸ்மியர் கருப்பை வாயைப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. உட்சுவர்ப் புற்றுநோயை அது பெரும்பாலும் காட்டித் தராது. "போன வருஷம்தானே பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒன்னும் இல்லன்னு சொன்னாங்களே" என்று இரத்தப்போக்கை விட்டுவிடக் கூடாது.

பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

2018-ஆம் ஆண்டு, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் கண்ட 100 பெண்களில் ஏறத்தாழ 9 பேருக்கே இந்தப் புற்றுநோய் இருந்தது. மற்ற 91 பேருக்கும் வேறு காரணங்கள்: சவ்வு மெலிந்துபோனது, சிறு சதை வளர்ச்சி, புண். ஆகவே இரத்தம் கண்டவுடன் "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று மனம் உடைய வேண்டியதில்லை.

அதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு இந்தப் புற்றுநோய் வந்த பெண்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இரத்தப்போக்கு இருந்தது. அதாவது, இந்த நோய் சொல்லாமல் வருவதில்லை. கதவைத் தட்டிவிட்டுத்தான் வருகிறது. தட்டும் சத்தம் கேட்டும் நாம் திறந்து பார்க்காமல் இருந்தால் அது யார் குற்றம்? நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்து அறுவை செய்தால் பெரும்பாலோர் பிழைத்துக் கொள்கிறார்கள். வெளியே பரவிய பிறகு அந்த நிலை மாறிவிடுகிறது.

நொதி என்றால் என்ன?

அந்தத் துணுக்கு என்ன சொல்கிறது என்பதை அறிய, "நொதி" என்ற சொல்லை முதலில் தெரிந்துகொள்வோம். டாக்டர்கள் என்சைம் என்பார்கள்.

ஆட்டிறைச்சி முற்றலாக இருந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? பச்சைப் பப்பாளியை அரைத்துத் தடவி வைப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் இறைச்சி இளகிவிடும். பப்பாளிப் பாலில் இருக்கும் ஒரு பொருள் இறைச்சியின் நாரை அறுத்துவிடுகிறது. அதுதான் நொதி. நம் உடம்பிலும் ஆயிரக்கணக்கான நொதிகள் இரவும் பகலும் வேலை செய்கின்றன. ஒன்று சோற்றைச் செரிக்க வைக்கும், ஒன்று கொழுப்பை உடைக்கும், ஒன்று ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலைதான். வேலை தவறினால் நோய்.

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் இரண்டு வகை நொதிகளைத் தெரிந்து வைத்துக் கொண்டால் போதும்.

கொழுப்பில் குடியிருக்கும் நொதி

முதலாவதின் பெயர் அரோமட்டேஸ். பெண்ணுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு சூலகம் ஓய்வெடுத்துக் கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு அங்கிருந்து வருவது நின்றுவிடுகிறது. ஆனால் சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து வரும் ஒரு பொருளை, உடம்பின் கொழுப்பில் இருக்கும் அரோமட்டேஸ் நொதி பிடித்து ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. கொழுப்பு கூடக் கூட இந்த உற்பத்தியும் கூடுகிறது.

ஈஸ்ட்ரோஜன் கருப்பைச் சவ்வை "வளர், வளர்" என்று தூண்டும். புரோஜெஸ்டிரோன் என்னும் இன்னொரு சுரப்பு "போதும், நில்" என்று அடக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு அடக்குகிற சுரப்பு இல்லை. தூண்டுகிற சுரப்பு மட்டும் கொழுப்பிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

பால்மரத்துக்கு எத்ரல் தடவிய பழைய வெட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அளவோடு தடவி, மரத்துக்கு ஓய்வு கொடுத்தால் பால் கூடும். ஓய்வே கொடுக்காமல் தூண்டினால் பட்டை கெட்டுப் பால் நின்றுபோகும். மரத்தில் பால் நிற்கிறது. கருப்பையிலோ வளர்ச்சி நிற்காமல் போகிறது. ஓய்வில்லாத தூண்டுதல் இரண்டுக்கும் ஆகாது.

இதற்குக் கண்கூடான சான்று 1975-இல் கிடைத்தது. அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைத் தனியாகக் கொடுத்து வந்தார்கள். அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று அந்த ஆண்டில் இரண்டு ஆய்வுகள் ஒரே மருத்துவ ஏட்டில் வெளியாயின. அதன் பிறகு, கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அடக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுப்பதே முறை என்று ஆனது.

வைத்தியத்துக்கும் இதே அறிவு உதவுகிறது. அடக்கும் சுரப்பை மருந்தாகக் கொடுத்தால் பரவிய கட்டி சிலருக்குச் சுருங்குகிறது என்று 1961-லேயே டாக்டர்கள் எழுதினார்கள். மெதுவாக வளரும் வகைக் கட்டிக்கு இன்றும் அந்த மருந்து பயன்படுகிறது. அரோமட்டேஸ் நொதியையே கட்டிப்போடும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளும் உண்டு. துணுக்கைச் சோதிக்கும்போது, சுரப்பைப் பிடித்துக்கொள்ளும் "கொக்கி"கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். கொக்கி இருந்தால் இந்த மருந்துகள் கேட்க வாய்ப்பு அதிகம்.

நம் சமூகம் இதைக் காதில் போட்டுக் கொள்ள வேண்டும். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், நாட்டின் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 100-க்கு 31. உடல் பருமனும் நீரிழிவும் இந்தப் புற்றுநோய்க்கு வழி திறந்துவிடுபவை. இனிப்புக் கட்டிய தே தாரிக் ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பிழை திருத்தும் நொதி

இரண்டாவது வகை வேறு மாதிரி. தோட்ட ஆபீசில் கிராணி செக்ரோல் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். தினமும் பெயர்களைப் பார்த்து எழுத வேண்டும். ஒரு பெயர் தவறினால் ஒருவருடைய ஒரு நாள் சம்பளம் போச்சு. நல்ல கிராணி எழுதும்போதே பிழையைப் பார்த்து அடித்துத் திருத்துவார். அவர் கண்ணுக்குத் தப்பியதைப் பெரிய கிராணி பிறகு சரிபார்த்துத் திருத்துவார்.

உடம்பில் ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் இப்படித்தான் பிரதி எடுக்கப்படுகிறது. பிரதி எடுக்கும் கிராணி ஒரு நொதி. அதன் பெயர் போல்-ஈ. எழுதிக்கொண்டே பிழை திருத்துவதும் அதன் வேலை. பெரிய கிராணிகளாக நான்கு புரதங்கள் உண்டு. அவை தப்பிய பிழைகளைத் தேடிப் பிடிக்கின்றன. இவர்களில் யாராவது வேலையில் தவறினால், பிழை மேல் பிழை சேர்ந்து அணு புற்றாக மாறிவிடுகிறது.

2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 373 பெண்களின் கருப்பைக் கட்டிகளை மரபணு வரைக்கும் ஆராய்ந்தார்கள். அதுவரை பூதக்கண்ணாடியில் பார்த்து இரண்டு மூன்று வகை என்றிருந்தது நான்கு வகையாகப் பிரிந்தது.

ஒன்று, போல்-ஈ நொதி கெட்ட வகை. 100-க்கு ஏறத்தாழ 7 பேர். இந்தக் கட்டி பூதக்கண்ணாடியில் பார்க்க மிக மோசமாக இருக்கும். ஆனால் அதிசயம்! இந்தப் பெண்கள்தான் எல்லாரையும்விட நன்றாகப் பிழைக்கிறார்கள். கட்டியில் பிழைகள் அவ்வளவு அதிகமாக இருப்பதால், உடம்பின் காவல்படை அதை அந்நியன் என்று அடையாளம் கண்டு அடிக்கிறது என்பது விளக்கம். ஆரம்ப நிலையில் அறுவை முடிந்தால் இவர்களில் பலருக்குக் கதிர்வீச்சோ கீமோவோ இல்லாமலே விட முடிகிறது.

இரண்டு, பெரிய கிராணிகள் வேலை தவறிய வகை. ஏறத்தாழ நாலில் ஒருவர். இவர்களுக்கு நோய் முற்றினால், காவல்படையைத் தட்டி எழுப்பும் இம்யூனோதெரபி மருந்து நன்றாகக் கேட்கிறது. 2023-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், கீமோவோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது தள்ளிப்போவதையும், இந்த வகையினருக்கே பலன் மிக அதிகம் என்பதையும் காட்டின.

மூன்று, பி53 என்னும் காவலாளிப் புரதம் கெட்ட வகை. இதுதான் முரட்டு வகை. இவர்களுக்குக் கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்துக் கொடுப்பது உயிரைக் காக்கிறது. இவர்களில் சிலருடைய கட்டியில் ஹெர்-2 என்னும் தூண்டு நொதி அளவுக்கு மீறி இருக்கும். அதை அடக்கவும் மருந்து இருக்கிறது.

நான்கு, இந்த மூன்றிலும் சேராத வகை. சுரப்பு மருந்துகள் பெரும்பாலும் இங்கேதான் பயன்படுகின்றன.

ஆக, இரண்டு பெண்களுக்கு ஒரே பெயருள்ள நோய், ஒரே அளவுக் கட்டி. ஆனால் ஒருத்திக்குக் கீமோ வேண்டாம், இன்னொருத்திக்குக் கட்டாயம் வேண்டும். துணுக்கைச் சோதிக்காமல் இதை யார் சொல்ல முடியும்? அனைத்துலகப் பெண்நோய் மருத்துவர் கூட்டமைப்பும் 2023-இல் நோயின் நிலையைக் கணிக்கும் விதிகளில் இந்த வகைப் பிரிவைச் சேர்த்துவிட்டது.

ஒரு தையல்காரப் பெண் சொன்னது

பெரிய கிராணிகள் கெட்டுப்போவது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும். இதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியவர் டாக்டர் அல்ல, ஒரு தையல் தொழிலாளி.

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், வார்த்தின் என்ற டாக்டரிடம் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எத்தனையோ பேர் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்துவிட்டார்கள், தானும் அப்படித்தான் சாவேன் என்று சொன்னார். டாக்டர் சிரித்து ஒதுக்கவில்லை. குடும்பத்தைப் பற்றி ஒவ்வொன்றாய் விசாரித்து எழுதி வைத்து 1913-இல் வெளியிட்டார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். 1960-களில் லிஞ்ச் என்ற டாக்டர் இத்தகைய குடும்பங்களை மேலும் ஆராய்ந்ததால் இந்த நோய் லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர் பெற்றது. 2000-ஆம் ஆண்டில் அதே தையல்காரரின் குடும்பத்தில், பிழை திருத்தும் நான்கில் ஒன்றின் மரபணு கெட்டிருப்பது உறுதியானது.

நமக்கு இதில் என்ன பாடம்? குடும்பத்தில் யார் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டருக்குத் தேவையான செய்தி. "அம்மாவுக்கு வயித்துல கட்டி", "சித்தப்பாவுக்குக் குடல்ல கட்டி" என்று தெரிந்ததைச் சொல்லுங்கள். பரம்பரை வகை என்று தெரிந்தால், உங்கள் மகளையும் மகனையும் நோய் வரும் முன்னே கண்காணிக்க முடியும்.

சீபீல்டு தோட்டமும் சுபாங் ஜெயாவும்

சுபாங் ஜெயா என்றதும் இளையவர்களுக்குக் கடைத்தொகுதியும் நெரிசலும் ஞாபகம் வரும். பழையவர்களுக்கு அது சீபீல்டு ரப்பர் தோட்டம். 1976-இல் அங்கே நகர் எழும்பத் தொடங்கியது. 1985-இல் மருத்துவமனை வந்தது. 2001-இல் அந்த மருத்துவமனை வளாகத்தில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, இன்று கேன்சர் ரிசர்ச் மலேசியா என்ற பெயரில் இயங்குகிறது.

அவர்கள் அதிகம் ஆராய்வது மார்பகப் புற்றையும் வாய்ப்புற்றையும். 2020-இல் 560 மலேசியப் பெண்களின் மார்பகக் கட்டிகளை மரபணு வரைக்கும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். மேலைநாட்டுப் பெண்களின் கட்டியோடு ஒப்பிட்டபோது, ஹெர்-2 வகை இங்கே அதிகம் இருந்தது. ஆகவே வெள்ளைக்காரப் பெண்ணின் துணுக்கை மட்டும் பார்த்து நமக்கும் அதேதான் என்று சொல்லிவிட முடியாது. நம் பெண்களும் பரிசோதனைக்கு வந்தால்தான் நம் உடம்பின் கணக்கு ஏட்டில் ஏறும். ஒரு காலத்தில் நம் மக்கள் பால் வெட்டிய மண்ணில் இந்த வேலை நடக்கிறது. அதன் பலன் நம் லயத்து வாசலுக்கும் வந்து சேர வேண்டாமா?

நீங்கள் செய்ய வேண்டியது

1. மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தமோ, இரத்தம் கலந்த நீரோ பட்டால் அந்த வாரமே கிளினிக் கெசிஹாதானுக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே 1 ரிங்கிட் கட்டணம். இன்னும் நிற்காதவர்கள், இரண்டு மாதவிலக்குக்கு நடுவே பட்டாலோ, அளவுக்கு மீறிப் போனாலோ அதேபோல் போங்கள்.

2. ஸ்கேன் எடுத்துச் சவ்வின் தடிப்பைப் பார்ப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துணுக்கு எடுப்பார்கள். மாதவிலக்கு வலி போல் கொஞ்சம் வலிக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஸ்கேன் சரியாக இருந்தும் இரத்தம் திரும்ப வந்தால் மறுபடியும் போங்கள்.

3. மார்பகப் புற்றுக்குத் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் இரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

4. புற்றுநோய் என்று முடிவு வந்தால் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். "டாக்டர், பிழை திருத்தும் நான்கு புரதங்களையும் சோதிச்சாச்சா? பி53 பார்த்தாச்சா? போல்-ஈ பரிசோதனை எனக்குத் தேவையா?" மலாயோ ஆங்கிலமோ வராவிட்டால் மகளையோ மகனையோ கூட்டிப் போங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் எடுத்துப் போங்கள்.

5. எல்லா ரிப்போர்ட்டுக்கும் போட்டோகாப்பி எடுத்து ஒரு பைலில் வையுங்கள்.

6. "லீவு போட்டா சம்பளம் போயிடும்" என்று தள்ளாதீர்கள். வேலைச் சட்டப்படி, 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், 5 ஆண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் 60 நாள். 2023 முதல் அந்த 60 நாள் தனிக் கணக்கு. எம்.சி. கொடுத்தும் சம்பளம் பிடித்தால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

புதிய மருந்துகள் சிலவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இந்த நோய்க்கு முதல் மருந்தும் முக்கிய மருந்தும் அறுவைதான். சீக்கிரம் வந்தவர்களில் பலருக்கு அதோடு முடிந்துவிடுகிறது. விலையுயர்ந்த மருந்து வரை போகாமல் காப்பாற்றுவது எது? முதல் சொட்டைக் கண்டவுடன் நீங்கள் வாய் திறந்து சொல்லும் ஒரு வார்த்தை.

தாய்மார்களே! மரத்தின் பட்டையில் சிறு நோய் கண்டாலும் மண்டோரிடம் ஓடிப்போய்ச் சொல்கிறோம். நம் உடம்பில் கண்டதை மட்டும் சேலைக்குள் ஏன் மறைக்க வேண்டும்? இந்த இரத்தத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்த தடவை குழாயடியில் யாராவது தணிந்த குரலில் இதைச் சொன்னால், வெந்தயம் சொல்லி அனுப்பாதீர்கள். "வா புள்ள, நானும் கூட வர்றேன்" என்று கைப்பிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.